பதினாறாம் நாள்

2021 மே 1ஆம் தேதி 5 லட்சம். அடுத்த ஆண்டு 10 லட்சம். 2023 பட்ஜெட்டில் 25 லட்சம். அதே ஆண்டு நவம்பர் 21, வாக்குப்பதிவுக்கு நாலே நாள் இருக்கையில், 50 லட்சம் என்று வாக்குறுதி. ராஜஸ்தானில் அப்போதைய காங்கிரஸ் முதல்வர் அசோக் கெலாட்டின் ‘முதலமைச்சர் சிரஞ்சீவி’ மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் உச்சவரம்பு ஏறிய வரலாறு இது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர்கள்கூட இந்த வேகத்தில் ஏற்றமாட்டார்கள்.

தேர்தலில் அவர் ஆட்சியை இழந்தார். வாக்குப்பதிவு நடந்த 199 தொகுதிகளில் காங்கிரஸுக்கு 69, பாஜகவுக்கு 115. கட்சி தோற்றதே தவிர அந்த எண் தோற்கவில்லை. நான்கு மாதம் கழித்து 2024 மக்களவைத் தேர்தலுக்கான காங்கிரஸ் அறிக்கையில், ராஜஸ்தானை முன்மாதிரியாகக் காட்டி, நாடு முழுமைக்கும் 25 லட்ச ரூபாய்க் காப்பீடு வாக்குறுதியாக வந்தது. ஜெய்ப்பூரில் ஆட்சியைப் பிடித்த பாஜக திட்டத்தின் பெயரை மாற்றியது. 25 லட்சத்தில் கைவைக்கவில்லை. டெல்லியில் அதே கட்சி, 70 வயது தாண்டிய எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் 5 லட்சம் என்றது. எல்லாவற்றிலும் முட்டிக்கொள்ளும் இரண்டு கட்சிகள் இந்த ஒன்றில் மட்டும் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கின்றன.

கட்சிகளை விடுங்கள். கெலாட்டைப் பிடிக்காதவர்கள்கூட, “அவர் ஆட்சியில் குறை சொல்ல முடியாதது அந்தக் காப்பீடுதான்” என்கிறார்கள். தலையங்கங்கள் அப்படித்தான் எழுதின. தொலைக்காட்சி விவாதங்களில் நாலு பேர் உட்கார்ந்தால் நாலு பேரும் தலையாட்டுகிற இடம் அதுதான். என் நண்பர்களில் பொருளாதாரம் படித்தவர் ஒருவர், “நல்லது செய்தவனை ஜனங்கள் தோற்கடித்துவிட்டார்கள்” என்று வருத்தப்பட்டார். அந்தத் தலையாட்டலோடுதான் எனக்குச் சண்டை. அந்த எண் பெரிதாகப் பெரிதாக, அது நோயாளியை விட்டு விலகிப் போனது என்பது என் கட்சி.

முதலில் ஒரு வகுத்தல் கணக்கு. 2024 முடிவதற்குள் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் நடந்த மருத்துவமனைச் சேர்க்கைகள் ஏறத்தாழ 8.4 கோடி. அவற்றுக்கான தொகை ஏறத்தாழ 1.16 லட்சம் கோடி ரூபாய். ஒரு சேர்க்கைக்குப் பதினாலாயிரம் ரூபாய்கூட வரவில்லை. அந்தத் திட்டத்தின் உச்சவரம்பு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். சராசரி நோயாளி தொடுவது அதில் முப்பதில் ஒரு பங்கைக்கூட அல்ல. ராஜஸ்தானில் நோய்கள் வேறு மாதிரி வருவதில்லை. அங்கே 5 லட்சத்தை 25 ஆக்கியபோதும், 25ஐ 50 ஆக்குவதாகச் சொன்னபோதும், குடலிறக்கத்துக்கோ பித்தப்பைக் கல்லுக்கோ படுத்த ஆளுக்குக் கிடைத்தது என்ன? ஒன்றுமில்லை. அவருக்கான செலவைத் தீர்மானிப்பது உச்சவரம்பு அல்ல, ‘பேக்கேஜ்’ என்று மருத்துவமனைக்காரர்கள் சொல்கிற அந்தத் தொகுப்புக் கட்டணம். சிரஞ்சீவியில் அப்படி ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட தொகுப்புகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அரசு நிர்ணயித்த விலை. மண்டபத்தில் ஐயாயிரம் பேர் உட்காரலாம் என்பதை வைத்துப் பந்தியில் எத்தனை இலை விழும் என்று சொல்ல முடியாது.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது: “சரி, பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தானே அந்தப் பெரிய தொகை தேவைப்படும்? ஈரல் மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று. அந்த ஒருவரின் குடும்பம் பிழைக்கட்டுமே. மற்றவர்களுக்கு என்ன நஷ்டம்?” நியாயமான கேள்வி. அந்த ஒருவரின் குடும்பத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. பிள்ளைக்குக் காது கேட்கும் கருவி பொருத்திய வீடுகளையும், வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டு உயிரோடு இருப்பவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு அட்டை என்பது சாமி படம். ஆனால் பத்தாயிரத்தில் ஒருவருக்கான ஏற்பாட்டை, எட்டுக் கோடிப் பேருக்கான மருத்துவச் சீர்திருத்தம் என்று விற்கிறபோதுதான் வம்பு. செலவாகாத தொகை என்றால் அது சுவரொட்டி. செலவாகிற தொகை என்றால் அது எங்கிருந்து வரும் என்று சொல்ல வேண்டும். இரண்டையும் சொல்லாமல் ஒரு வேட்பாளர் எண்ணை மட்டும் இரட்டிப்பாக்கினார். நாம் கை தட்டினோம்.

இனி என் வீட்டுக் கதை ஒன்று. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருடம் வேலை பார்த்த சித்தப்பாவுக்கு மூன்றாண்டுகளுக்கு முன் மாரடைப்பு. ஒரு தனியார் மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டி ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. சித்தி ஊரெல்லாம் சொன்னார். டிஸ்சார்ஜ் ஆகும்போது பதினைந்து நாள் மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்து, அதன்பிறகு விடாமல் சாப்பிட வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க, கொழுப்புக்கு, பிரஷருக்கு, ஏற்கெனவே இருந்த சர்க்கரைக்கு. மெடிக்கலில் மாதம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய் ஆனது.

நாலாவது மாதம் போய்ப் பார்த்தபோது மாத்திரை அட்டையில் கணக்கு உதைத்தது. பதினாலு இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு மிச்சம்.

“என்ன சித்தப்பா, சாப்பிடுறீங்களா இல்லையா?”

“ஒருநா விட்டு ஒருநா போடுறேன்யா. அன்னைக்கு ஆபரேஷனுக்கு எம்புட்டோ லட்சம்னாங்க, அதுக்கே ஒத்தப் பைசா வாங்கல. இந்த மாத்திரைக்கு மட்டும் அட்டை செல்லாதுங்காங்க.”

லட்ச ரூபாய்க்கு மேலான சிகிச்சை இலவசம். அதைக் காப்பாற்றும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் சொந்தக் காசு. ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தாண்டித் தாண்டிப் போட்டால் அந்த ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும் என்பது எந்த இதய மருத்துவரும் சொல்கிற பாலபாடம். அரசு கட்டிய பணம் அவருடைய நெஞ்சுக்குள்ளேயே வீணாகிக்கொண்டிருந்தது.

இதைச் சித்தப்பாவின் அறியாமை என்று எழுதிவிட முடியாது. காப்பீடு என்ற ஏற்பாட்டின் உடல்வாகே அதுதான். ஆயுஷ்மானிலும் சிரஞ்சீவியிலும் விதி ஒன்றே: படுக்கையில் சேர்ந்தால் பணம், வீட்டுக்குப் போன பிறகு 15 நாள் வரைக்கும் மருந்து, பரிசோதனைச் செலவு. அதோடு சரி. பதினாறு என்ற எண் நம் ஊரில் இரண்டு இடத்தில் வரும். கல்யாண வாழ்த்தில் ஒன்று, மற்றது கருமாதி. காப்பீட்டில் வரும் பதினாறாம் நாள் எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை.

இந்த நாட்டின் நோய்களில் பெரும்பாலானவை அந்தப் பதினாறாம் நாளில்தான் குடியிருக்கின்றன. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு, மனநோய், தைராய்டு. எதற்கும் படுக்கை வேண்டாம். மாதாமாதம் மாத்திரை வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். மாதம் ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம் என்று ஒழுகும் இந்தக் காசு எந்தத் தேர்தல் மேடையிலும் எடுபடாது. ஆனால் இந்தியக் குடும்பங்கள் மருத்துவத்துக்குக் கைக்காசு போடுவதில் பெரும்பகுதி புறநோயாளிச் சிகிச்சைக்கும் மருந்துக்கும்தான் போகிறது என்று தேசிய மாதிரிக் கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கின்றன. 2021-22க்கான தேசிய சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் இன்னும் மக்கள் பையிலிருந்தே போகிறது. குடம் ஓட்டை வழியாக ஒழுகிக்கொண்டிருக்க, நாம் குடத்தின் வாயை அகலமாக்கிக்கொண்டிருக்கிறோம்.

இதை முன்கூட்டியே அறிய வழி இல்லாமல் இல்லை. 2008இல் வந்த ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனாவுக்கும் அதே உடல்வாகு: படுக்கைச் செலவுக்கு 30,000 ரூபாய், கையில் ஒரு ஸ்மார்ட் கார்டு. அனூப் கரண், வின்னி யிப், அஜய் மஹால் மூவரும் அதன் விளைவை ஆராய்ந்து 2017இல் எழுதினார்கள். ஏழைக் குடும்பங்களின் மருத்துவக் கைச்செலவை அது குறைத்ததற்கு வலுவான சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சரியாக அடுத்த ஆண்டு, அந்த 30,000ஐ 5 லட்சமாக்கி, செப்டம்பர் 23ஆம் தேதி ராஞ்சியில் ஆயுஷ்மான் பாரத்தைத் தொடங்கிவைத்தார்கள். மருந்து வேலை செய்யவில்லை என்றால் டோஸைக் கூட்டுவது. வைத்தியர்கள்கூட இரண்டாம் முறைக்கு மேல் இதைச் செய்வதில்லை.

அடுத்தது, அட்டையைக் கொண்டுபோய் எங்கே நீட்டுவது என்ற கேள்வி. ஜெய்சால்மர் மாவட்டத்தின் பரப்பு 38,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஏறக்குறைய கேரளம் முழுவதும் அதற்குள் அடங்கும். 2011 கணக்கெடுப்பில் அங்கே வாழ்ந்தவர்கள் 6.7 லட்சம் பேர்தான். பாகிஸ்தான் எல்லையோரத் தாணியில் (மணல்வெளியில் நாலைந்து வீடு சேர்ந்த குடியிருப்பை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு என்றால், அவள் கணவன் சட்டைப்பையில் இருக்கும் 25 லட்சம் அவளை எங்கே கூட்டிப்போகும்? ஜெய்சால்மரிலிருந்து ஜோத்பூர் 280 கிலோமீட்டர். அந்த வெட்டவெளியில் லாபத்துக்கு மருத்துவமனை கட்ட எந்த முதலாளியும் வரமாட்டார்; வரவில்லை என்று அவரைத் திட்டவும் முடியாது. காப்பீட்டுப் பணம் ஏற்கெனவே மருத்துவமனை இருக்கிற ஊருக்குத்தான் ஓடும். ஜெய்ப்பூர், ஜோத்பூர், உதய்பூர், கோட்டா. பள்ளத்தை நோக்கித் தண்ணீர் ஓடுகிற மாதிரி. மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் ஏற்ற வாய்க்கால் வெட்ட வேண்டும். அது அரசு வேலை. நாட்டின் கிராமப்புறச் சமுதாய சுகாதார நிலையங்களில் இருக்க வேண்டிய சிறப்பு மருத்துவர்களில் ஐந்தில் நான்கு பங்கு பற்றாக்குறை என்று ஒன்றிய அரசின் 2021-22 ஊரகச் சுகாதாரப் புள்ளிவிவரமே சொன்னது. இந்த ஐந்தில் நான்கைப் பற்றி ஒரு வேட்பாளரிடம் ஒரு பத்திரிகையாளராவது கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்டதெல்லாம் 25ஆ, 50ஆ என்பதுதான்.

“சந்தையில் போட்டி வந்தால் தரம் உயரும், ஏழைக்கும் கார்ப்பரேட் மருத்துவமனைக் கதவு திறக்கும்” என்பார்கள். கதவு திறந்த பிறகு உள்ளே என்ன நடந்தது என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். சித்தோர்கரைச் சேர்ந்த பொதுச் சுகாதாரச் செயற்பாட்டாளர் மருத்துவர் நரேந்திர குப்தா 2013இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்கு, தேவையே இல்லாமல், காப்பீட்டுப் பணத்தைக் குறிவைத்துக் கர்ப்பப்பையை எடுத்துவிடுகிறார்கள் என்பது மனு. வயிற்று வலி, வெள்ளைப்படுதல் என்று போன பெண்களை, “விட்டால் புற்றுநோய் ஆகிவிடும்” என்று பயமுறுத்தி மேசையில் கிடத்தியிருந்தார்கள். மருந்தில் தீரக்கூடிய நோய்க்கு மருந்து எழுதினால் காப்பீட்டில் காசு இல்லை. கத்தி வைத்தால் உண்டு. விலைப்பட்டியல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் மருத்துவமும் சாயும். ஆந்திராவில் 2007இல் ராஜசேகர ரெட்டி தொடங்கிய ஆரோக்யஸ்ரீயிலும் இதே சங்கடம்தான். கர்ப்பப்பை அகற்றும் அறுவையைத் தனியாரிடமிருந்து பிடுங்கி அரசு மருத்துவமனைகளுக்கென்று ஒதுக்க வேண்டிவந்தது. குப்தாவின் வழக்கில் தீர்ப்பு வர பத்தாண்டு ஆனது. ஒன்றிய அரசு வகுத்த நெறிமுறைகளை மூன்று மாதத்துக்குள் மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பறிபோன கர்ப்பப்பைகளுக்கு நெறிமுறை ஏதும் இல்லை.

2023 ஏப்ரல் என்றால், ஜெய்ப்பூரில் இன்னொரு நாடகம் முடிந்த சூட்டோடு சூடு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கெலாட்டின் பாராட்டுப் பத்திரத்தில் இதுவும் இருக்கிறது: இந்தியாவிலேயே முதல்முறையாக ‘சுகாதார உரிமைச் சட்டம்’.

அந்த மசோதா மார்ச் 21ஆம் தேதி சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதன் உயிர்நாடி ஒரே ஒரு வரி: அவசர நிலையில் வருகிற எவரிடமும் முன்பணம் கேட்காமல் சிகிச்சை தர வேண்டும், தனியார் மருத்துவமனையும்தான். நோயாளியால் கட்ட முடியாவிட்டால் அரசு தரும். மாநிலமெங்கும் தனியார் மருத்துவமனைகள் கதவைச் சாத்தின. ஜெய்ப்பூர் வீதியில் மருத்துவர்கள் ஊர்வலம், தண்ணீர் பீய்ச்சியடித்த போலீஸ், இரண்டு வாரம் வேலைநிறுத்தம். அந்த நாட்களில் விபத்தில் அடிபட்டவர்களும் மூச்சு முட்டியவர்களும் போய் நின்றது சவாய் மான்சிங் மருத்துவமனை மாதிரியான அரசு ஆஸ்பத்திரி வாசலில். பலர் கையிலும் சிரஞ்சீவி அட்டை இருந்தது. ஏப்ரல் 4ஆம் தேதி உடன்பாடு கையெழுத்தானது. 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனைகளுக்குச் சட்டம் பொருந்தாது. அரசிடம் நிலமோ சலுகையோ பெறாத மருத்துவமனைகளுக்கும் பொருந்தாது. கழித்துப் பார்த்தால், ராஜஸ்தானின் தனியார் மருத்துவமனைகளில் மிகப் பெரும்பாலானவை வெளியே. மிச்சம் இருந்த சட்டத்துக்கும் விதிகள் வகுக்கப்படாமலேயே ஆட்சி மாறியது.

மருத்துவர்களைக் குற்றம் சொல்லி இதை முடித்துவிடுவது சுலபம். அரசு பாக்கி வைத்தால் யார் தருவார்கள் என்ற அவர்கள் பயம் பொய்யல்ல. காப்பீட்டுத் திட்டங்களில் மாதக்கணக்கில் பணம் வராமல் தவிக்கும் சிறிய மருத்துவமனைகள் எல்லா மாநிலத்திலும் உண்டு. நான் கேட்பது வேறு. தனியாரிடம் வாங்கிக் கொடுப்பதையே தன் சுகாதாரக் கொள்கையாக வைத்துக்கொண்ட அரசு, அந்தத் தனியார் ‘முடியாது’ என்றதும் என்ன செய்ய முடிந்தது? சட்டத்திலிருந்து பல்லைப் பிடுங்கத்தான் முடிந்தது. எட்டு மாதம் கழித்து, அதே அரசின் முதல்வர், அதே தனியாருக்குப் போகும் தொகையின் உச்சவரம்பை இரட்டிப்பாக்குவதாகச் சொல்லி ஓட்டுக் கேட்டார். இதைத்தான் துணிச்சலான சீர்திருத்தம் என்கிறோம்.

எனக்குக் கெலாட்டின் மேல் கோபத்தைவிட ஆற்றாமைதான் அதிகம். ஏனென்றால் சரியான காரியத்தை ஏற்கெனவே ஒருமுறை செய்தவர் அவர். 2011 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று, அரசு மருத்துவமனைக்கு வருகிற எல்லோருக்கும் இலவச மருந்து என்ற திட்டத்தைத் தொடங்கினார். அட்டை கேட்கவில்லை, வறுமைக்கோடு பார்க்கவில்லை. சீட்டை நீட்டினால் மாத்திரை. 2013இல் பரிசோதனைகளும் இலவசமாயின. அதற்குப் பின்னால் நின்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி சமித் சர்மா, ஒரு குழந்தை மருத்துவர். சித்தோர்கரில் ஆட்சியராக இருந்தபோதே பிராண்ட் பெயரில்லாத மருந்துகளைக் கூட்டுறவுக் கடைகளில் விற்கவைத்து, ஒரே மருந்துக்கு எத்தனை மடங்கு கொள்ளை விலை என்பதை ஊருக்குக் காட்டியவர்.

இந்த இடத்தில் தமிழ்நாடு வராமல் இருக்க முடியாது. ராஜஸ்தான் இலவச மருந்துக்கென்று அமைத்த மருத்துவப் பணிகள் கழகத்துக்கு வார்ப்பு நம் ஊர்ச் சரக்கு. 1994இல் பதிவாகி, 1995 ஜனவரியிலிருந்து இயங்கத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். டெண்டர் விட்டு மொத்தமாக மூலப்பெயரில் மருந்து வாங்குவது, உற்பத்தியாளர் பெயர் தெரியாதபடி மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பித் தரம் பார்ப்பது, மாவட்டக் கிடங்கில் வைப்பது, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து வரவு எழுதி, தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளச் சொல்வது. ரேஷன் கடைக் கணக்கு மாதிரி சாதாரணமான ஒரு நிர்வாக வேலை. வேறு மாநிலத்து அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, ‘இவ்வளவுதானா’ என்று நினைத்திருக்கலாம். இவ்வளவுதான். ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்ட அந்த மாத்திரை அட்டைகள் எத்தனை வீட்டின் மாடக்குழியில் கிடக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் தெரியும்.

அப்படியொரு நல்ல காரியத்தைச் செய்துவிட்டு 2013 டிசம்பரில் கெலாட் மக்களிடம் போனார். கிடைத்தது 200க்கு 21 இடம். அந்தத் தோல்விக்கு நூறு காரணம் உண்டு. மோடி அலை அதில் முதன்மையானது. ஆனால் ஓர் அரசியல்வாதி அதிலிருந்து எந்தப் பாடத்தைப் படித்திருப்பார் என்று யூகிக்கலாம். மாத்திரைக்கு முகம் இல்லை. மாத்திரை வாங்கிய பெண்ணுக்கு அது கம்பவுண்டர் கொடுத்தது, முதல்வர் கொடுத்ததல்ல. அட்டையில் படம் இருக்கும், எண் இருக்கும், சட்டைப்பையில் கனக்கும். இது என் யூகம்தான், அவர் வாயால் சொன்னதல்ல. ஆனாலும் இலவச மருந்தில் தொடங்கிய ஒரு மனிதர் 50 லட்சத்தில் வந்து நின்றதற்கு வேறு விளக்கம் எனக்குப் பிடிபடவில்லை. ராஜஸ்தான் தன் பட்ஜெட்டில் வேறு பல மாநிலங்களைவிட மருத்துவத்துக்குக் கூடுதல் பங்கு ஒதுக்குகிற மாநிலம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பணமும் இருந்தது, வழியும் தெரிந்திருந்தது.

“தேர்தலில் ஜெயிக்கப் பெரிய எண் வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சொல்லி யார் ஓட்டு வாங்கியிருக்கிறார்கள்?” என்று கேட்கிற நடைமுறைவாதிகளுக்குத் தாய்லாந்தைக் காட்டுவேன். 2001 ஜனவரித் தேர்தலில் தக்சின் ஷினவத்ராவும் ஓர் எண்ணோடுதான் வந்தார்: 30. முப்பது பாட் கொடுத்தால் எந்த நோய்க்கும் வைத்தியம். தக்சின் ஒன்றும் உத்தமர் அல்ல. கோடீஸ்வரர், பின்னாளில் அவர் பெயரில் வந்த வழக்குகளுக்குக் கணக்கில்லை. ஆனால் அந்த முப்பதைக் கவனியுங்கள். அது நோயாளி கொடுக்க வேண்டிய தொகை. கெலாட்டின் 50 லட்சம், அரசு மருத்துவமனைக்காரருக்குக் கொடுக்கக்கூடிய தொகை. ஒருவர், ‘உன் பையிலிருந்து இவ்வளவுதான் போகும்’ என்றார். மற்றவர், ‘அவர் கல்லாவுக்கு இவ்வளவு வரை வரும்’ என்றார். தாய்லாந்துக்காரனுக்குத் தன் எண்ணைச் சோதித்துப் பார்க்க ஒரு காய்ச்சல் போதும். ராஜஸ்தானி தன் எண்ணைச் சோதிக்க ஈரல் கெட வேண்டும்.

அந்த முப்பதுக்கு அடியில் முப்பது வருட வேலை கிடந்தது. புதிதாகப் பட்டம் வாங்கிய மருத்துவர்கள் கட்டாயமாகக் கிராமப்புறத்தில் வேலை பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு, மாவட்டத்துக்கு உட்பட்ட வட்டாரந்தோறும் அரசு மருத்துவமனை, அதற்குக் கீழே சுகாதார நிலையங்கள். கிராம மருத்துவர்கள் இயக்கத்திலிருந்து வந்த சங்குவான் நித்தயாரம்போங் என்ற மருத்துவர் பல ஆண்டுகள் கணக்குப் போட்டு வைத்திருந்த திட்டத்தைத்தான் தக்சின் எடுத்துக்கொண்டார். பணம் அறுவைக்கு இவ்வளவு என்று போகவில்லை. ஒரு வட்டாரத்தில் பதிவான தலைக்கு இவ்வளவு என்று, பெரும்பாலும் அந்த வட்டார அரசு மருத்துவமனைக்கே போனது. வெளிநோயாளி, மருந்து, பரிசோதனை எல்லாம் அதற்குள். கத்தி வைத்தால் லாபம் என்ற சாய்வு அங்கே அறுபட்டது. 2002இல் அது சட்டமானது. மொத்த மருத்துவச் செலவில் மக்களின் கைக்காசு அங்கே 2000இல் மூன்றில் ஒரு பங்காக இருந்தது. இருபது ஆண்டுக்குள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. தக்சினைக் கவிழ்த்த ராணுவம்கூட அந்தத் திட்டத்தில் கைவைக்கத் துணியவில்லை.

கடைசியாக, மிகவும் நியாயமான முகத்தோடு வருகிற ஒரு வாதம்: “அரசு மருத்துவமனைகளைச் சரிசெய்யப் பல காலம் ஆகும். அதுவரை ஏழை சாக வேண்டுமா? அதுவரைக்கும் காப்பீடு.” அந்த ‘அதுவரை’க்கு வயது என்ன? ஆரோக்யஸ்ரீயிலிருந்து எண்ணினாலே ஒரு தலைமுறை நெருங்குகிறது. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, அரசின் மருத்துவச் செலவு 2025க்குள் நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை எட்டும் என்றது; 2021-22இல், கொரோனா செலவும் சேர்ந்தே, 1.84 சதவீதம். தற்காலிகப் பந்தல் என்று கால் நட்டார்கள். இப்போது பந்தலுக்கு மாடி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அஸ்திவாரக் குழி அப்படியே கிடக்கிறது.

தமிழ்நாட்டுக்காரர்கள் மார்தட்டவும் ஒன்றுமில்லை. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீடு நாலாண்டுக்கு ஒரு லட்சம் என்று வந்தது. 2012 ஜனவரியில் ஜெயலலிதா புதுப் பெயரில் அதைத் தொடர்ந்தார். தொகை இன்று 5 லட்சம். நம்மிடம் அது ஓரளவு உருப்படியாக ஓடுவதற்குக் காரணம், அட்டை வருவதற்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையமும் மருந்துக் கழகமும் இருந்ததுதான். அரசு மருத்துவமனைகளும் அதே காப்பீட்டுப் பணத்தைக் கோரிப் பெற்று ஸ்கேன் இயந்திரம் வாங்கிக்கொள்ள முடிகிறது. ‘தமிழ்நாட்டில் காப்பீடு வேலை செய்கிறதே’ என்று ஜெய்ப்பூருக்கு எடுத்துக்காட்டு சொல்கிறவர்கள் கூரையைக் காட்டிவிட்டுச் சுவரை மறைக்கிறார்கள்.

சித்தப்பா இப்போது மாத்திரையைத் தவறாமல் போடுகிறார். நான் வாங்கிக் கொடுப்பதில்லை. சண்டை போட்டதும் காரணமில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் அதே தெருவைச் சேர்ந்த ஓர் அக்கா மாதத்துக்கொருமுறை வந்து பிரஷர் பார்த்து, பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். மற்ற இரண்டை அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று வாங்கிக்கொள்கிறார். அக்கா வராத மாதமும் உண்டு. அப்போது சித்தப்பா சுகாதார நிலையத்துக்கே போய்ச் சத்தம் போடுகிறார். போன தடவை சரக்கு வரவில்லை என்று பத்து நாள் மாத்திரைதான் கிடைத்ததாம்.

“மிச்சம் இருபது நாளைக்கு என்ன செய்யச் சொல்றாங்க? எழுதுறவன்தானே நீ, அதை எழுதுய்யா.”

காப்பீட்டு அட்டை பிளாஸ்டிக் உறையில் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது.